கருப்பட்டி, ஓலைப்பெட்டி, கடலை மிட்டாய்: ஊர்க் கடைக்கு வந்த கேள்விகள்

திருச்செந்தூர் சாலையில் எங்கள் கடை இருக்கிறது. சின்னக் கடைதான். தென்மாவட்டங்களில் செய்கிற தின்பண்டமும் கைவேலைப் பொருளும் தவிர வேறு எதுவும் விற்பதில்லை. இந்தத் தடவை இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கருப்பட்டியைப் பற்றியே இருந்ததால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, கருப்பட்டி அசலா கலப்படமா என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா? தண்ணீரில் போட்டுப் பார், நெருப்பில் காட்டு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: நூற்றுக்கு நூறு உறுதியாகக் கண்டுபிடிக்க வீட்டில் வழி கிடையாது அம்மா. பதநீரில் இருக்கும் இனிப்பும் பெரும்பகுதி சுக்ரோஸ், நாம் மளிகைக் கடையில் வாங்கும் சீனியும் சுக்ரோஸ். காய்ச்சும்போதே சட்டியில் சீனியைக் கொட்டிக் கிண்டிவிட்டால் தண்ணீரில் கரைத்தாலும் நெருப்பில் காட்டினாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆனால் வருடக்கணக்காகக் கருப்பட்டியைக் கையில் எடுத்துப் பழகியவர்களுக்குச் சில அடையாளங்கள் தெரியும், அதைச் சொல்கிறேன். நல்ல கருப்பட்டியின் மேல்பக்கம் மங்கலாக இருக்கும், பளபளக்காது. உடைத்தால் உள்ளே சொரசொரப்பாக இருக்கும். சீனி அதிகம் சேர்ந்தது கல் மாதிரி இறுகி, உடைத்த இடத்தில் மினுமினு என்று மின்னும். நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு கரிப்பு வர வேண்டும். மழைக்காலத்தில் அது கசிந்து இளக வேண்டும். கார்த்திகை மாதத்து ஈரக்காற்றிலும் கல்லாகவே இருக்கிற கருப்பட்டியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொன்று, கரைத்து வடிகட்டும்போது அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படியும், அதைப் பார்த்துப் பயந்து இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அது சுண்ணாம்பு. பதநீர் இறக்கும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள், இல்லாவிட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். ஆகவே கருப்பட்டியை எப்போதும் கரைத்து, கொஞ்சநேரம் தெளியவிட்டு, மேலாக வடிகட்டிப் பயன்படுத்துங்கள். அப்படியே பொடித்துப் பாலில் போடாதீர்கள்.

இத்தனை சோதனையையும் விட எனக்கு நம்பிக்கையான வழி ஒன்றுதான்: யார் காய்ச்சியது, எந்த ஊர், எந்த மாதம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மூன்றுக்கும் அவரால் தயங்காமல் பதில் சொல்ல முடிய வேண்டும். "மொத்த வியாபாரியிடம் வாங்கினேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் அந்தக் கடையில் வேறு ஏதாவது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் கருப்பட்டி என்று எழுதிய பாக்கெட் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, உங்களைப் போன்ற கடைகளில் ஏன் இந்த விலை? அப்புறம், சர்க்கரை நோய்க்கு நல்லது என்கிறார்களே?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: விலையை விளக்க ஒரு கருப்பட்டி எப்படி வருகிறது என்று சொன்னால் போதும். பனையேறி காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மரமாக ஏறிப் பாளையைச் சீவிவிட வேண்டும், ஒரு நாள் ஏறாமல் விட்டாலும் பாளை அடைத்துக்கொள்ளும். இறக்கிய பதநீரை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள்தான் அடுப்படியில் நின்று மணிக்கணக்காகக் கிண்டுவது, காய்ந்த ஓலையும் மட்டையும் உடைமர விறகும் எரித்து, பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி. பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ கிடைக்கும், நல்ல பதநீராக இருந்தால் கொஞ்சம் கூடும். இதுவும் வருடம் முழுக்க நடக்காது. பங்குனி, சித்திரையில் சூடுபிடித்து ஆடியோடு அடங்கிவிடும், மீதி மாதங்களுக்கு இருப்பில் வைத்ததைத்தான் விற்க வேண்டும். ஐப்பசிக்கு மேல் விலை ஏறுவது அதனால்தான். இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். மரத்தையாவது காப்பாற்றலாம் என்று பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது, நல்ல காரியம், ஆனால் மரம் நின்றால் மட்டும் போதாது, ஏற ஆள் வேண்டும், அவருக்குக் கட்டுப்படியாகும் கூலி வேண்டும். இத்தனையும் கணக்குப் போட்டுப் பாருங்கள், பாதி விலைக்கு யாராலும் கொடுக்க முடியாது. கொடுத்தால் மீதிப் பாதி சீனி என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சர்க்கரை நோய்க்கு நல்லது என்பதை நம்பாதீர்கள். மேலே சொன்ன அதே சுக்ரோஸ்தான், ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். எங்கள் கடையில் யாராவது அப்படிக் கேட்டு வாங்க வந்தால் விற்காமலே அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் கடலை மிட்டாய் போடுகிறோம். கோவில்பட்டி பக்குவம்தான், அங்கே வேலை பார்த்தவர்தான் மாஸ்டர். பாக்கெட்டில் "கோவில்பட்டி கடலை மிட்டாய்" என்று போட்டால் நன்றாக விற்கும் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். போடலாமா?
(வாசகர், விருதுநகர் மாவட்டம்)

பதில்: போடக்கூடாது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயர் அங்கே செய்கிறவர்களுக்குத்தான். அவர்களிலும் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொண்டவர்களுக்குத்தான் அதைப் பயன்படுத்தும் உரிமை. பொய்யாகப் போட்டால் 1999-ஆம் வருடச் சட்டப்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். பலர் இதை வெறும் விளம்பரப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனி பஞ்சாமிர்தமும் 2019-இலேயே வாங்கிவிட்டன, மணப்பாறை முறுக்கும் உடன்குடி கருப்பட்டியும் 2023-இல். இந்தப் பெயர்களில் எதை எடுத்து ஒட்டினாலும் இதே கதைதான்.

சட்டத்தை விடுங்கள், உங்களுக்கே அது நஷ்டம். உங்கள் மிட்டாய் நன்றாக இருந்தால் அந்தப் பேர் கோவில்பட்டிக்குத்தான் போய்ச் சேரும். உங்கள் ஊர்ப் பேரைப் பெரிதாகப் போடுங்கள். கரிசல் நிலக்கடலை உங்களிடமும் விளைகிறது, அதை எழுதுங்கள். வெல்லம் எங்கே வாங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கிறவர்கள். ஒரு தடவை பிடித்துவிட்டால் அடுத்த தடவை ஊர்ப் பேரைச் சொல்லியே கேட்பார்கள்.

கேள்வி: வீட்டில் தட்டை, அதிரசம், மாவுருண்டை செய்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவருகிறேன். பக்கத்து ஊர்க் கடை ஒன்று வாங்கி விற்பதாகச் சொல்கிறது. என்னென்ன பேப்பர் வேண்டும் அண்ணாச்சி?
(வாசகி, தென்காசி)

பதில்: முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. வீட்டுச் சமையலறையில் செய்தாலும் விற்பதாக இருந்தால் வேண்டும். சிறிய அளவில் செய்பவர்களுக்குப் பெரிய லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். அதோடு பண்டத்தின் பெயர், என்னென்ன சேர்த்தது (அதிகமாகச் சேர்த்ததை முதலில் எழுத வேண்டும்), எடை, செய்த தேதி, எதற்குள் சாப்பிட வேண்டும் என்ற தேதி, உங்கள் பெயரும் முகவரியும், விலை, புகாருக்கு ஒரு போன் நம்பர், சைவமென்றால் பச்சைப் புள்ளி. நிலக்கடலை, பால், கோதுமை சேர்ந்தால் ஒவ்வாமை உள்ளவர்களுக்காகத் தனியாகக் குறிப்பிட வேண்டும். தூத்துக்குடி மக்ரூன் மாதிரி முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த பண்டமென்றால் பச்சைப் புள்ளி போடக்கூடாது, பழுப்பு முக்கோணம்தான். சிலர் இதில் அலட்சியமாக இருக்கிறார்கள். முட்டை தொடாத வாடிக்கையாளர் ஒருவர் அதை நம்பித் தின்றுவிட்டால் அவருக்கு என்ன பதில் சொல்வது?

மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறீர்களா? இல்லையென்றால் சேருங்கள். மாவட்டத் தலைநகரங்களில் பூமாலை வணிக வளாகம் இருக்கிறது, குழுக்களின் பொருளுக்கென்றே கட்டியது.

அப்புறம் காகிதத்தில் இல்லாத ஒரு விஷயம். அதிரசம் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே செய்து வைத்துப் பாருங்கள், கோடையில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை. தட்டையில் எண்ணெய் எப்போது சிக்கு வாடை அடிக்கத் தொடங்குகிறது என்று பாருங்கள். அதிலிருந்து சில நாள் குறைத்துத் தேதி போடுங்கள். அடுத்தவர் பாக்கெட்டில் மூன்று மாதம் என்று போட்டிருக்கிறதே என்று நீங்களும் போட்டுவிடாதீர்கள், அவர் பொரிக்கும் எண்ணெய் வேறு, பொதியும் உறை வேறு.

கேள்வி: தை மாதம் மகள் கல்யாணம். தாம்பூலப் பையில் பிளாஸ்டிக் டப்பா கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. முந்நூறு பேருக்கு ஊர்ப்பொருளாக ஏதாவது கொடுக்க வேண்டும், சொல்லுங்கள்.
(வாசகர், ஓசூர்)

பதில்: இந்தக் கடிதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. என் யோசனை மூடி போட்ட சின்ன ஓலைப்பெட்டி. உள்ளே சில்லுக் கருப்பட்டி, சுக்கும் மிளகும் ஏலமும் சேர்த்தது, கூடவே நாலு கடலை மிட்டாய். தின்று முடித்த பிறகும் பெட்டி வீட்டில் இருக்கும், மஞ்சள் வைக்கலாம், சில்லறை போடலாம். செட்டிநாட்டுப் பக்கம் கொட்டான் முடைகிறார்கள், அதன் வேலைப்பாடு அழகு, விலை கூட. எங்கள் பக்கத்துப் பெட்டி கொஞ்சம் எளிமை.

ஆனால் தை மாதத்துக்கு மார்கழியில் வந்து கேட்டால் யாராலும் தர முடியாது. பெட்டிக்குக் குருத்தோலைதான் வேண்டும், வெட்டி, வெயிலில் காயவைத்து, சாயம் போடுவதானால் சாயத்தில் போட்டு மறுபடி காயவைத்து, வகிர்ந்து, பிறகுதான் முடைவது. ஐப்பசி கார்த்திகையில் இங்கே அடைமழை, ஓலை காயாது. காயாத ஓலையில் முடைந்த பெட்டி ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஆவணிக்குள் சொல்லிவிடுங்கள், பாதிப் பணம் முன்பணமாகக் கொடுங்கள். முடைகிற பெண்களுக்கு அந்த இரண்டு மாதம் வீட்டுச் செலவு அதில்தான் நடக்கும், ஆகவே முன்பணம் கேட்டால் தயங்காதீர்கள். முந்நூறு பெட்டியும் அச்சு அடித்தது போல ஒரே அளவில் இருக்காது என்பதையும் முன்பே வீட்டில் சொல்லி வையுங்கள். எண்ணெய்ப் பலகாரம் வைப்பதானால் உள்ளே வெண்ணெய்த்தாள் விரிக்கச் சொல்லுங்கள்.

மணமக்களுக்கு என்று தனியாக ஒன்று வாங்க நினைத்தால் பத்தமடைப் பாய். திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, நரம்பு போல மெல்லியதாகக் கிழித்து நெய்வது, மடித்தால் துணி மாதிரி மடங்கும். மாப்பிள்ளை பெண் பேரைக் கல்யாணத் தேதியோடு நெய்தே தருவார்கள். நுணுக்கமான பாய் என்றால் வாரக்கணக்கில் ஆகும், அதையும் இப்போதே சொல்லுங்கள். பேரின் எழுத்தைக் காகிதத்தில் தெளிவாக எழுதிக் கொடுங்கள், வாய்வழியாகச் சொல்லி ஒற்றெழுத்து விட்டுப்போனால் பாயில் அழிக்க முடியாது.

கேள்வி: போன வருடம் வாங்கிய ஓலைப்பெட்டியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கழுவலாமா?
(வாசகி, சென்னை)

பதில்: கழுவ வேண்டாம், சாயம் இறங்கும், ஓலையும் கோணும். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து இளவெயிலில் இரண்டு நாள் வையுங்கள். அலமாரிக்குள் அடைத்து வைக்காமல் காற்றுப் படும் இடத்தில் வைத்துக்கொண்டால் திரும்ப வராது.

கேள்வி: அண்ணா, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். அம்மம்மா தந்த பனாட்டை நினைத்தால் இன்றும் வாயூறும். அடுத்த மாதம் தமிழ்நாடு வருகிறேன், உங்கள் கடையில் பனாட்டு, ஒடியல் கிடைக்குமா?
(வாசகி, டொராண்டோ)

பதில்: கிடைக்காது தங்கச்சி, சொல்லவே வருத்தமாக இருக்கிறது. இரண்டு கரையிலும் அதே பனைதான், ஆனால் கைப்பழக்கம் வேறு. உங்கள் ஊரில் பனம்பழக் களியைப் பிழிந்து பாயில் ஊற்றி, மேல்மேலாகக் காயவைத்துத் தகடாக எடுக்கிறார்கள். இங்கே பழத்தைச் சுட்டோ அவித்தோ தின்பதோடு சரி, விதையைக் கிழங்குக்காகப் புதைத்துவிடுவோம். அந்தக் கிழங்கையும் பொங்கல் சமயத்தில் அவித்துத் தின்று தீர்த்துவிடுகிறோம், உங்களைப் போல ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் காயவைத்து வருடத்துக்கும் வைத்துக்கொள்வதில்லை. அதை நாங்கள் உங்களிடம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். யாழ்ப்பாணம் போகிறவர்கள் இருந்தால் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் கேட்கச் சொல்லுங்கள், அந்தச் சபை 1978 முதல் இந்த வேலையைத்தான் செய்கிறது. எங்கள் கடைக்கு வாருங்கள், பனங்கற்கண்டும் சில்லுக் கருப்பட்டியும் எடுத்து வைக்கிறேன்.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு ஊரில் இது போல ஒரு கடை வைக்கலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு முதல் வேண்டும், என்ன வாங்கிப் போடலாம்? உற்பத்தியாளர்களிடம் "விற்ற பிறகு பணம்" என்று பேசிக்கொண்டால் முதல் குறையும் அல்லவா?
(வாசகர், பெங்களூரு)

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அப்படிப் பேசாதே. உனக்கு முதல் குறையும், உண்மைதான், அந்த முதலைப் பனையேறியும் பெட்டி முடைகிற அக்காவும் போட்டதாக ஆகும். உன்னைவிடக் கையில் காசு குறைவாக உள்ளவர்கள் அவர்கள். கருப்பட்டிக்காரர் வியாபாரியிடம் சீசனுக்கு முன்பே கடன் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே சரக்கைக் கொடுத்துத் தீர்ப்பது இந்தப் பக்கம் பழைய வழக்கம். அதே கயிற்றை இன்னொரு பக்கத்தில் நீயும் பிடித்து இழுப்பானேன்? சரக்கு வந்த அன்றே கையில் பணம் கொடு. முடியாத அளவுக்குச் சரக்கு வாங்காதே. இப்படி நடந்தால் நல்ல சரக்கு உனக்குத்தான் முதலில் வரும். எங்கள் கடைக்கு அப்படித்தான் வருகிறது, ஆடி மாதக் கடைசிக் காய்ச்சல் வரைக்கும்.

எவ்வளவு முதல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது, வாடகை உண்டா இல்லையா என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். என்ன வாங்கிப் போடுவது என்று கேட்டால், ஊரைச் சுற்றி இருசக்கர வண்டியில் போய் வரக்கூடிய தூரத்தில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார். காய்ச்சும் இடத்தில் நின்று பார். அந்த நாலைந்து பொருளில் தொடங்கு. சாத்தூர் காராச்சேவு, மணப்பாறை முறுக்கு என்று எல்லா ஊர்ச் சரக்கையும் அடுக்கினால் பார்க்க நிறைவாக இருக்கும், ஆனால் அதையெல்லாம் நீ நேரில் பார்த்திருக்க மாட்டாய். யார் செய்தது என்று ஒருவர் கேட்டால் உனக்குப் பதில் தெரியாது. ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் ஒரு அட்டையில் செய்தவரின் ஊர், செய்த மாதம், என்ன சேர்ந்தது, மூன்றையும் எழுதி வை. செய்தவர் சம்மதித்தால் பேரையும் போடு.

தின்பண்டம் மட்டும் வைத்தால் கெட்டுப்போகும் பயம், கைவேலைப் பொருள் மட்டும் வைத்தால் வாரக்கணக்கில் விற்காமல் இருக்கும் பயம். இரண்டும் கலந்து வை. தின்பண்டத்துக்கு வருகிறவர் பெட்டியைப் பார்ப்பார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பை தடை, அதனால் துணிப்பையையும் யாராவது உள்ளூரில் தைப்பவரிடமே வாங்கு.

பேரம் பேசுகிறவர்கள் வருவார்கள். செய்தவருக்கு எவ்வளவு கொடுத்தோம், நமக்கு எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லிவிடு. கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களும் உண்டு, போகட்டும். அவர்களுக்காக விலையைக் குறைத்தால் அடுத்த வாரம் நீ குறைத்துக் கேட்க வேண்டியது பெட்டி முடைகிற அக்காவிடம்.

கேள்வி: குற்றாலம் போகும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால் ஐந்து நாள் கழித்துச் சேலம் திரும்பும்வரை தாங்குமா?
(வாசகர், சேலம்)

பதில்: அன்று கிண்டியதை வாங்கினால் வழக்கமாக ஒரு வாரம் வரை இருக்கும் என்பார்கள், ஆனால் அது நிழலில் வைத்திருந்தால். பூட்டிய காருக்குள் வெயிலில் கிடந்தால் நான் உத்தரவாதம் தரமாட்டேன், பாலும் சீனியும்தானே. சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம், தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தேதியைப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். திரும்பி வருகிற வழியும் அதுதான் என்றால் அப்போது வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது வழியில் தின்பதற்கு மட்டும் கால் கிலோ போதும்.